சுவருக்கு வெளியே ஒரு திண்ணை

கிரகப்பிரவேசத்தன்று பசுமாட்டைக் கூட்டிவந்தார்கள். வாசற்படி வரை ஒழுங்காக வந்த மாடு, கூடத்தில் ஒரு கால் வைத்ததும் வழுக்கி, நாலு காலும் நாலு திசையில் போய் நின்றுவிட்டது. பில்டர் போட்டிருந்த வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் அப்படி. அப்புறம் கோணிப்பையை விரித்து விரித்து, மாட்டுக்காரர் அதன் காதில் ஏதோ சொல்லிச் சொல்லி, ஒரு வழியாகச் சுற்றி அழைத்துப் போனார். மாடு நடக்க முடியாத வீட்டைக் கிராமத்து வீடு மாதிரி ஆக்கவேண்டும் என்று நான் கிளம்பியது அன்றைக்குத்தான்.

எனக்கும் கிராமத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில், ஒரே வாசலில் ஏழு குடித்தனம். மண் என்றால் துளசித் தொட்டியில் இருப்பதுதான். அதனாலேயே இருக்கலாம், திண்ணை, கிணற்றடி, ஓட்டுத் தாழ்வாரம் என்றெல்லாம் கேட்டாலே வாய் பிளப்பேன். என் மாமியார் அப்படியே நேரெதிர். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் நாட்டு ஓட்டு வீட்டில் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். "மழை பேஞ்சா ஒழுகும், வெயில்ல மேலேருந்து தேள் விழும். அதைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களாம்மா?" என்றார் அத்தை.

வீடு மாடம்பாக்கத்தில். முப்பதுக்கு அறுபது மனை, முக்கால் கிரவுண்டு. வங்கிக் கடன் போக கையில் இருந்தது மூன்று லட்சம். "அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று என் வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த மூன்று லட்சத்தில் முதல் இருபத்தெட்டாயிரம் ஒரு கதவுக்குப் போயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பழம்பொருள் கடை. "காரைக்குடி வீட்டுக் கதவும்மா, சுத்தமான பர்மா தேக்கு" என்றார் கடைக்காரர். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்த கதை எனக்கும் தெரியும், அதனால் அப்படியே நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கதவடியில் ரவை மாதிரி மாவு. பெருக்கினால் மறுநாள் மறுபடி. ஆசாரி வந்து உளியால் ஓரத்தில் ஒரு சுரண்டு சுரண்டினார். "தேக்குல இப்படி உளு விழாதும்மா. இது மாமரம்." மருந்தை ஊசியில் ஏற்றி ஓட்டை ஓட்டையாக விட்டுப் பார்த்தோம். கதவு பிழைக்கவில்லை. நிலைச்சட்டம் மட்டும் வேறு மரம், அது நல்ல மரம். அதைப் பின்பக்கம் நட்டு அவரைக்கொடி ஏற்றியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்!

மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றும் வாங்கினேன். அதை முன் சுவரில் சாய்த்து வைத்த அன்று அத்தை, "வண்டி குடை சாஞ்ச வீடு மாதிரி இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்று சாயங்காலமே எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டாயிற்று. ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டிருந்தேன். அது அவருக்குப் பொறுக்கவில்லை. பூவை எல்லாம் வாரிப் போட்டுவிட்டு, கல்லைத் தடவிப் பார்த்து, "மொழுமொழுன்னு தேஞ்சிருக்கு, கொத்தணும்" என்றார். கல் கொத்துகிறவரைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. அவர் உட்கார்ந்து டொக் டொக்கென்று கொத்த, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இப்போது தினமும் இல்லையென்றாலும் வடைக்கு உளுந்து அதில்தான்.

சரி, திண்ணைக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே, 1996-ல் திறந்தது. தமிழ்நாடு, கேரளா என்று தென் மாநிலங்களின் பழைய வீடுகளை ஊரில் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே போய் ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து பார்த்தேன். கையில் டேப் இல்லை, சாணால் அளந்தேன். உயரம் இரண்டு சாண், அகலம் மூன்று. வீட்டுக்கு வந்து தாளில் படம் போட்டேன். முன் வாசற்கதவுக்கு இரு பக்கமும் திண்ணை, அதற்கு முன்னால் செடி, செடிக்கு முன்னால் அஞ்சடி காம்பவுண்டு சுவர், கேட்.

அத்தை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்மா, சுவத்துக்குள்ள திண்ணையைக் கட்டி யார் உக்காரப் போறா? நீயும் நானுமா? அதுக்குத்தான் சோபா இருக்கே."

எனக்குப் பதில் வரவில்லை. தெருவில் போகிறவர் உட்காரத்தானே திண்ணை. ஊர் வீட்டுத் திண்ணையில் யார் படுத்திருக்கிறார்கள் என்றுகூடச் சில ராத்திரி தெரியாதாம். காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால், துண்டை உதறிக்கொண்டு யாரோ எழுந்து போவார்களாம்.

இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு முன் சுவரை இடித்து மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆறடி நீளத்தில் இரண்டு திண்ணை. எங்கள் மனைக்குள்தான், ஆனால் சுவருக்கு வெளியே. வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்புறம் பேசியபோது, "நாய் படுக்கும், வெத்தலை துப்புவான், ராத்திரி பாட்டில் கிடக்கும்" என்று மூன்று விரல் மடக்கினார்.

கொத்தனார் சேலையூர்க்காரர், அறுபது தாண்டியவர். "சிகப்புத் தரையா? அதைப் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்று அவரே சந்தோஷப்பட்டார். நான் சொன்ன இரண்டு சாண் உயரத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புது ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தெரு ஏறும், திண்ணை பள்ளமாகிவிடும் என்றார். அதனால் இரண்டடி. அகலத்தை அத்தை முடிவு செய்தார், கட்டாந்தரையில் படுத்துக் காட்டி. மேல்தளம் தெருப்பக்கம் துளி சரிவாக இருக்கவேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஓடவேண்டும். சுவரோரம் தலைமாட்டில் ஒரு திண்டு, சிமெண்டிலேயே, தலையணை மாதிரி. இந்தத் திண்டு என் படத்தில் கிடையாது. தட்சிணசித்ராவில் உட்கார்ந்து மட்டும் பார்த்தேன், படுத்துப் பார்க்கவில்லையே!

ரெட் ஆக்சைடு வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடிவதற்கு முன் ஐந்தரைக்கு ஆரம்பித்தார். இரண்டு திண்ணைக்கும் வேண்டிய சிமெண்டையும் சிவப்புப் பொடியையும் முந்தின நாளே ஒன்றாகக் கலந்து மூன்று தரம் சலித்து மூட்டையில் கட்டி வைத்திருந்தார். தனித்தனியாகக் கலந்தால் நிறம் ஒன்று போல வராதாம். அடியில் போட்ட கலவை இறுகுவதற்குள் மேல்பூச்சு. அதன் மேல் பொடியைத் தூவி, கரணையால் அழுத்தி இழுத்துக்கொண்டே குந்தியபடி பின்னால் நகர்கிறார். ஒரு இழுப்பில் ஒன்றுமில்லை. இருபதாவது இழுப்பில் உள்ளிருந்து ஈரம் மேலே வந்து, மங்கலாக இருந்த சிவப்பு மெள்ள மினுங்க ஆரம்பிக்கிறது. நடுவில் எழுந்திருக்கவே இல்லை. டீ கொடுத்தேன், ஆறிப்போயிற்று. நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும் என்றார்.

முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். ஈரச் சாக்கைப் போட்டு மூடணும், பத்து நாள் தண்ணீர் காயக்கூடாது. நாங்கள் நான்காம் நாள் காஞ்சிபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டோம். பங்குனி வெயில். திரும்பி வந்தால் இடது திண்ணையில் சாக்கு அப்பளமாகக் கிடக்கிறது. ஒரு வாரத்தில் கேட் பக்கத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வலது திண்ணை மேல் வேப்பமர நிழல் இருந்ததால் தப்பியது. அத்தை வெள்ளிக்கிழமை தோறும் இரண்டையும் துடைத்து, துணியில் துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்க்கிறார்.

வீட்டுக்குள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பூஜையறையில் மட்டும் நாற்பது சதுர அடிக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றிக் கையால் செய்கிற சிமெண்ட் கல் அது, சூளை பார்க்காதது. பெயின்டர் பையன் கறை எடுக்கிறேன் என்று ஆசிட்டை ஊற்றிவிட்டான். ஒரு தட்டு அளவுக்கு வெளுத்துப் போனது. அதன் மேல் குத்துவிளக்கு வைத்திருக்கிறேன்.

வாசலில் பேவர் பிளாக்கை எட்டுக்கு ஆறு அளவுக்குப் பெயர்த்து எடுத்தோம். பிளாக் மேல் கோலம் போட்டால் இடுக்கு தோறும் இழை உடையும், எனக்கே எரிச்சலாக இருக்கும். இப்போது அங்கே இறுகின மண். சாணித் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்குகிறது, கோலமாவு பிடிக்கிறது.

பின்பக்கத்தில் கொரியன் புல்லைப் பிய்த்தபோதுதான் தெரிந்தது, கீழே மண்ணே இல்லை. இரண்டடிக்கு உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, கம்பித்துண்டு. மழைநீர்க் குழாய் வேறு தரைக்குள் ஒரு அடி போய், அப்படியே நின்றிருந்தது! மழைநீர் சேகரிப்பு இல்லாமல் வீடு கட்டக்கூடாது என்று 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்குக் கணக்குக் காட்ட ஒரு குழாய். நாலு சிமெண்ட் உறை இறக்கி, கருங்கல் ஜல்லி கொட்டி, குழாயை அதில் விட்டோம். ஒரு டிப்பர் செம்மண், எரு.

தோட்டத்துக்கு நான் போட்டிருந்த பட்டியலில் லாவண்டர்கூட இருந்தது. சித்திரை வெயிலில் அது பத்து நாள் தாங்கவில்லை. அத்தை பட்டியல் எதுவும் போடவில்லை. "பாத்திரம் கழுவுற தண்ணி எங்கே போவுது?" என்று மட்டும் கேட்டார். சாக்கடைக்கு என்றேன். பிளம்பரைக் கூப்பிட்டுத் திருப்பினோம். முதலில் கல்வாழைப் பாத்தி, அதைத் தாண்டிப் பூவன் வாழை. ஒன்பது மாதத்தில் முதல் தார் தள்ளியது. கறிவேப்பிலை, மருதாணி, பவழமல்லி எல்லாம் அவர் ஊருக்குப் போய்வரும்போது மஞ்சள் பையில் வந்தவை. முருங்கை மட்டும் வீட்டை விட்டுத் தள்ளிக் கோடியில். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது, வாடகை வீட்டில் பக்கத்து வீட்டு முருங்கை முறிந்து எங்கள் ஸ்கூட்டர் மேல் விழுந்தது இன்னும் மறக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் அத்தை கிளையைக் கழித்துவிடுகிறார்.

வீட்டுக்காரர் மடக்கிய மூன்று விரலில் பாட்டில் ஒரே ஒரு முறை. வெற்றிலை இதுவரை இல்லை. குப்பை எடுக்க வரும் அம்மா பதினோரு மணிக்கு உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். கூரியர் பையன்கள் திண்டில் சாய்ந்து போன் பார்க்கிறார்கள். இஸ்திரிக்காரர் துணிமூட்டையை அங்கே இறக்குகிறார்.

நாய் விஷயம் அவர் சொன்னது சரி. கறுப்பு நாய் ஒன்று, விரிசல் இல்லாத வலது திண்ணையில், திண்டில் தலையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறது. விரட்டலாமா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு இடது திண்ணைக்குப் போய்விட்டார்.