அழகர் ஆற்றில் இறங்கின அன்றைக்கு என்னிடம் மாத்திரை இல்லை

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இதில் மூன்று தடவை விட்டுப்போயிருக்கிறது. மூன்றில் ஒன்றுகூட மறதியால் இல்லை. 'ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?' என்று டாக்டர் கேட்டால் 'ஆமா சார்' என்று தலையாட்டிவிட்டு வருவோமே, அந்த ஆமாவுக்கு அடியில் என்னென்ன கிடக்கிறது என்று யாராவது எழுதியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

முதல் தடவை, 2023 செப்டம்பர். டோக்கன் போட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன், உள்ளே நாலு நிமிஷம். எஸ்சிட்டலோபிராம், முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மாசம் கழித்து வாங்க. அவ்வளவுதான். மூன்றாம் நாளிலிருந்து காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டாலே குமட்டியது. ராத்திரி தூக்கம் துண்டு துண்டாக வந்தது, மனசு மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒன்பதாம் நாள் மாத்திரைப் பட்டையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். இந்த வகை மாத்திரையில் தொந்தரவு முதல் வாரமே வந்துவிடும், குணம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு எட்டு வாரம்கூட ஆகும். கூலியை முதலில் வாங்கிக்கொண்டு வேலையை அப்புறம் செய்கிற ஆள் மாதிரி. இந்த ஒரு வரியை உள்ளே சொல்லியிருந்தால் குமட்டலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருப்பேன். பெரும்பாலும் அது இரண்டு வாரத்தில் அடங்கிவிடுகிற குமட்டல்தான். வீட்டுக்காரர் சண்டை போட்டு மறுபடி ஆரம்பிக்க வைத்தார்.

இரண்டாவது தடவை பொங்கலுக்கு. இதுதான் ரொம்ப நைசாக வருகிற ஆபத்து, ஏனென்றால் அப்போது நான் நன்றாக இருந்தேன். பாலமேட்டிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது, இருபது பேருக்குச் சமைத்தேன், சிரித்தேன், ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிறவர்களுக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தேன். அத்தை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் நல்லாருக்கியேத்தா, இன்னும் எதுக்கு அந்த நரம்பு மாத்திரை? தின்னுக்கிட்டே இருந்தா அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது." அவர் மேல் பழி போட மாட்டேன். அதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். மாசி கடைசியில் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். தலை சீவக் கை எழும்பவில்லை.

முதல் தடவை வருகிறவர்களுக்கே, முழுக்கச் சரியான பிறகும் இன்னும் ஆறிலிருந்து ஒன்பது மாசம் சாப்பிட வேண்டும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். ஆரம்பித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாசத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் பல நாடுகளில் சொல்லியிருக்கின்றன. படித்ததும் எனக்கு அல்ப சந்தோஷம்தான், நான் மட்டும் இல்லை என்று.

மூன்றாவதுதான் கதை. 2024 ஏப்ரல் 1 அன்று முப்பது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கிளினிக்கை ஒட்டின மெடிக்கலில் இருபதுதான் இருந்தது. 'பாக்கி பத்தை நாளைக்கு வாங்கிக்கங்கக்கா' என்று சீட்டில் பேனாவால் 20 என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் போனேன், சரக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போனேன், வரவில்லை. ஒத்தக்கடையிலிருந்து ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய் வர வேண்டும், கடையில் பர்மிஷன் கேட்க வேண்டும் (நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன், எதற்குப் பர்மிஷன் என்று அங்கே யாருக்கும் தெரியாது). 20ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி கடைசி மாத்திரை. தேர்தல் முடிந்த மறுநாள், விரல் மைகூடப் போகவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். சித்திரைத் திருவிழா. ஞாயிறு மீனாட்சி கல்யாணம், திங்கள் தேரும் எதிர்சேவையும், செவ்வாய் அழகர் ஆற்றில் இறங்குவது. திங்கள் சாயங்காலம் மாட்டுத்தாவணியில் இறங்கி, தல்லாகுளம் பக்கம் ஜனத்துக்குள் நீந்தி கிளினிக்குக்குப் போனால் ஷட்டரில் ஒரு தாள்: 22 முதல் 28 வரை டாக்டர் வெளியூர். பக்கத்து மெடிக்கலும் பூட்டு. வேறு ஒரு கடையில் சீட்டை நீட்டினேன். அந்தத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமி பாட்டு மைக்கையும் மீறிக் கேட்கிற மாதிரி, "இது மனசு சம்பந்தப்பட்ட மாத்திரைக்கா, சீட்டுல ஒரு தடவை கொடுத்ததா எழுதியிருக்கு, புதுச் சீட்டு வேணும்" என்றார். பின்னால் நின்றது என் மகளோடு படிக்கிற பையனின் அம்மா. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துதான், அந்தத் தம்பி செய்தது தப்பில்லை. அந்தச் சத்தம்தான் தப்பு. இன்னும் பத்து பாக்கி இருக்கிறது என்று வாதாட வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

செவ்வாய் விடியற்காலை அத்தையோடு வைகைக் கரையில் நிற்கிறேன். கையில் சர்க்கரை நிரப்பி வாழையிலை மூடின செம்பு, மேலே கற்பூரம் எரிகிறது. கண்ணை இடது பக்கம் திருப்பினேன், தலைக்குள் சுளீரென்று கரண்ட் வெட்டின மாதிரி ஒரு அடி. வலது பக்கம் திருப்பினால் இன்னொன்று. கால் தரையில் பாவவில்லை. செம்பு சாய்ந்து கற்பூரம் மணலில் விழுந்தது, நான் பக்கத்து ஆள் தோளைப் பிடித்தேன். "சாமி வருது, விடுங்க, விடுங்க" என்று யாரோ ஒரு அம்மா கத்த, சுற்றி இடம் விட்டு விலகி என் மூஞ்சியில் தண்ணீரை அடித்தார்கள். ஒருவர் என்னிடம் குறிகூடக் கேட்டார். என்ன சொல்ல?

அத்தை சொன்ன 'அது இல்லாம இருக்க முடியாது' இதுதானோ என்று அன்றைக்கு முழுக்கப் பயந்தேன். இல்லையாம். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைச்சுற்றல், கரண்ட் அடிக்கிற உணர்வு, எரிச்சல், விபரீதக் கனவு எல்லாம் வரலாம். இன்னும் வேணும் இன்னும் வேணும் என்று ஏங்க வைக்கிற போதை மாதிரி அடிமைத்தனம் வேறு, பழகின உடம்பு சட்டென்று இல்லாமல் போனதில் தடுமாறுவது வேறு. அதனால்தான் நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்கிறார்கள். 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இலவசம், நாள் முழுக்க, தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு எனக்குத் தெரியாது, உங்களுக்காவது தெரியட்டும்.

புதன்கிழமை எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் சீட்டையே சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள். பட்டையின் நிறம் வேறாக இருந்தது. "அதேதான்க்கா, கம்பெனிதான் வேற." ராத்திரி போட்டேன், காலையில் எழ முடியவில்லை. மூன்று நாள் கடையில் தூங்கி வழிந்தேன், டேலியில் 14,500 ரூபாய்ப் பில்லை 1,45,000 என்று ஏற்றி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பழைய காலிப் பட்டையையும் புதுப் பட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று இருந்தது கண்ணில் பட்டது. அடியில் பொடி எழுத்தில் குளோனசெபாம். தூக்கம் வரவைக்கிற மருந்து, சேர்த்து அடைத்திருக்கிறார்கள். ரொம்ப நாள் சாப்பிட்டால் நிஜமாகவே பழக்கமாகிவிடுகிற வகை. எதற்கு எல்லோரும் பயமுறுத்தினார்களோ அது கேட்காமலே கிடைத்தது, கேட்டது கிடைக்கவில்லை!

காலிப் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் தேதியும் பெயரும் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள். பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குப் போய்விடுங்கள், சித்திரையில் பதினைந்து. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசமாகவே தருகிறார்கள்.

29ஆம் தேதி டாக்டரிடம் போகும்போது பில் தாளின் பின்பக்கம் ஏழு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். அட்டெண்டர் கதவோரம் நின்றதால் ஆறாவது கேள்வியை வாயால் கேட்காமல் தாளைத் திருப்பிக் காட்டினேன், அது இந்த மாத்திரையால் தாம்பத்தியத்தில் வருகிற தொந்தரவு பற்றியது. 'இதைச் சொல்லாமயே நிறைய பேர் நிறுத்திடுறாங்கம்மா, அளவை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம், சொன்னாத்தானே தெரியும்' என்றார். இப்படி அவர் சொல்ல எட்டு மாசம் ஆனது, நான் கேட்கவும் எட்டு மாசம் ஆனது. பதினோரு நிமிஷம் பேசினோம், கடிகாரத்தைப் பார்த்தேன். மருந்தின் பெயர் பெரிய எழுத்தில், பக்கத்தில் 'தனி மாத்திரை மட்டும்' என்று அடிக்கோடு, இரண்டு மாசத்துக்குச் சீட்டு. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு ரோஸ்மில்க் குடித்தேன்.

அதற்கப்புறம் இதுவரை விட்டதில்லை. அடுப்படிச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குகிறது. ராத்திரி மாத்திரை போட்டால்தான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். தாள் இருந்தால் இன்னும் போடவில்லை. இரட்டிப்பாகப் போட்டுவிடுகிற பயமும் இல்லை. முதல் வாரமே குழப்பம், ஏனென்றால் அத்தை விடிந்ததும் நல்ல நேரம் பார்க்கத் தாளைக் கிழித்துவிடுவார். இரண்டு தடவை சண்டை. அவருக்குத் தனியாக ஒரு காலண்டர் வாங்கி வாசல் பக்கம் மாட்டினோம்.

இப்போது 10-லிருந்து 5-க்கு இறங்கி மூன்றாவது வாரம், டாக்டர் சொல்லித்தான். நேற்று அலுப்பில் சாப்பிட்டதும் படுத்துவிட்டேன். பத்தரை மணிக்கு ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து அத்தை காலைத் தட்டி எழுப்பினார். "ஏத்தா, தேதி இன்னும் கிழிக்கல பாரு."