துடைத்து நிறுவிய கணினி காலையில் மட்டும் நீலத்திரை காட்டியது ஏன்?

புதிதாக நிறுவிய விண்டோஸ் 10 மாலை முழுவதும் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒழுங்காக எழுகிறது. மறுநாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினால், சுழலும் புள்ளிகள் தோன்றிய சில நொடிகளில், விண்டோஸ் முடங்கும்போது பிழையைக் காட்டும் நீலத்திரை மின்னி மறைந்து, கணினி தானாகவே மீண்டும் தொடங்குகிறது. ஹார்டு டிஸ்க்கில் இருந்த தரவு முழுவதையும் அழித்துத் துடைப்பதற்கு முன்பு இந்தத் தொல்லை இருந்ததில்லை என்பதால், துடைத்ததில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று எவருக்கும் தோன்றும்.

கணினி, இன்டெல் எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டும் 4 ஜிபி ரேமும் 500 ஜிபி சாட்டா ஹார்டு டிஸ்க்கும் உள்ள பழைய டெஸ்க்டாப். ஒரு கடையின் வரவு செலவுக் கணக்குகள் அதில் இருந்தன. குவிக் ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதிதாக்கும், தரவு அப்படியே தங்கிவிடும் என்பதால், நிறுவாமலே ஓடும் லினக்ஸ் உள்ள லைவ் பென் டிரைவில் தொடங்கி, வட்டில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையால் வட்டு முழுவதும் பூஜ்யத்தை எழுதினேன். தொடக்கத்தில் நொடிக்கு 120 எம்பி அளவில் இருந்த வேகம் முடிவை நெருங்கும்போது பாதியாகக் குறைந்தது. இதைக் கண்டு வட்டு பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை; வெளிச்சுற்றுகளில் தரவு அதிகமாகவும் உட்சுற்றுகளில் குறைவாகவும் அடங்குவதால் எல்லா ஹார்டு டிஸ்க்குகளிலும் இப்படித்தான் நடக்கும். துடைத்து முடித்ததும் பூட் செய்ய வட்டு இல்லை என்று கணினி சொன்னதும் இயல்பே. முதல் 512 பைட்டுகளில் இருந்த பூட் நிரலும் பார்ட்டிஷன் அட்டவணையும் போய்விட்டன அல்லவா. (எஸ்எஸ்டி என்றால் இந்த முறை போதாது, அதற்கென்றே உள்ள செக்யூர் இரேஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.)

பிறகு, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில், ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடைப் பழைய ஐடிஇ என்பதிலிருந்து புதிய ஏஹெச்சிஐ என்று மாற்றி, விண்டோஸை நிறுவினேன். மறுநாள் காலையில்தான் மேலே சொன்ன கோலம். மீண்டும் முதலிலிருந்து இதே வரிசையில் நிறுவியபோது அன்று மாலையும் நன்றாகவே ஓடி, அடுத்த காலையில் மறுபடியும் விழுந்தது.

நீலத்திரையில் இருப்பதைப் படிப்பதற்குள் அது மறைந்துவிட்டதால், கைப்பேசியை ஸ்லோ மோஷனில் வைத்துத் திரையைப் பதிவு செய்தேன். இந்த எளிய உத்தியைப் பழுது பார்ப்பவர்கள் இன்னும் அதிகமாகக் கையாளலாம் என்பது என் எண்ணம். பதிவில் கிடைத்த பெயர் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’, அதாவது 7பி என்னும் பிழை. விண்டோஸ் தன்னை ஏற்றிக்கொள்ளத் தொடங்கிய பிறகு, தான் குடியிருக்கும் வட்டையே அணுக முடியாமல் போகும்போது வரும் பிழை இது. இந்த வீழ்ச்சியைப் பற்றி மினிடம்ப் என்னும் பிழைப்பதிவுக் கோப்போ, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் குறிப்போ எழுதப்படாததற்கும் காரணம் இதுவே. எழுதி வைக்க வேண்டிய வட்டுதான் எட்டவில்லையே.

இந்நிலையில் ஐயம் முதலில் வட்டின் மேல் விழுவது நியாயம். வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவல்களில், பழுதான செக்டர்களை (வட்டின் சிறு பகுதிகளை) எண்ணும் 5, 197, 198 ஆகிய மூன்று பதிவுகளும் பூஜ்யமாக இருந்தன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: படிக்க முடியாமல் 197-இல் காத்திருக்கும் செக்டர்கள், வட்டு முழுவதும் எழுதியவுடன் ஒன்று சரியாகிவிடும் அல்லது மாற்று இடத்துக்குப் போய் 5-இல் கணக்காகிவிடும், ஆகவே துடைத்த பிறகு 197 பூஜ்யமாக இருப்பதை மட்டும் வைத்து வட்டுக்கு நற்சான்று தரக்கூடாது. 5-உம் பூஜ்யமாக இருந்ததோடு நீண்ட சுயசோதனையும் பிழையின்றி முடிந்ததால், வட்டை ஐயத்திலிருந்து விடுவித்தேன். ரேமை மெம்டெஸ்ட்86+ முழுச் சுற்று சோதித்ததில் பிழை ஒன்றும் இல்லை. ரேமின் பொன்முலாம் பட்டைகளை அழிரப்பரால் துடைத்துச் செருகியதும், சாட்டா கேபிளை மாற்றியதும் பலன் தரவில்லை. சொல்லப்போனால், கேபினெட்டைத் திறந்து எதையாவது தொட்டால், அதுவரை நன்றாக ஓடிய கணினியும் அடுத்த முறை தொடங்கும்போதே விழுந்தது. அதனால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது என்ற ஐயம் வலுத்ததே தவிரக் குறையவில்லை.

திருப்பம் வந்தது விண்டோஸின் மீட்புத் திரையில். தொடர்ந்து தொடக்கம் தவறியதால் அது தானாகவே தோன்றி, தன்னால் பழுது நீக்க முடியவில்லை என்று கைவிரித்தது. அங்கிருந்து கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பார்த்தால் சி டிரைவின் கோப்புகள் யாவும் ஒழுங்காகத் தெரிகின்றன, வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க்கும் குறை சொல்லவில்லை. மீட்புச் சூழல், வட்டோடு பேச உதவும் நிரல்களான டிரைவர்களில் பொதுவானவற்றை உடன் வைத்திருக்கும் சிறிய விண்டோஸ். அதற்கு எட்டுகிற வட்டு, நிறுவிய விண்டோஸுக்கு மட்டும் எட்டவில்லை என்றால், பழுது வட்டிலோ கேபிளிலோ இருக்க வழியில்லை, டிரைவரில்தான் இருக்க வேண்டும். அதே திரையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: கணினியின் தேதி 2012 ஜனவரி என்றிருந்தது, நேற்று நிறுவிய கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தைச் சேர்ந்தவையாக நின்றன.

தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் மதர்போர்டின் சிறு பேட்டரி ஒன்றே காப்பதால், தேதி பின்னோக்கிப் போயிருந்தால் அமைப்புகளும் போயிருக்கும். உள்ளே சென்று பார்த்தபோது, நான் ஏஹெச்சிஐ என்று வைத்திருந்த சாட்டா மோடு ஐடிஇ என்று மாறியிருந்தது. மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தால், 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்கூட இல்லை. சில போர்டுகள் இந்நிலையில் சிமாஸ் (பயாஸ் அமைப்புகள் தங்கும் நினைவகம்) பிழை என்று அறிவித்து எஃப்1 அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். இந்தப் போர்டோ தன் லோகோ படத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் பழைய இயல்பு அமைப்புகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

காலையில் மட்டும் விழுந்த கதை இதோடு விளங்கிவிட்டது. சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கணினி ஓடாவிட்டாலும், எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் சிமாஸ் நினைவகத்தைக் காத்துக்கொண்டிருக்கும். அதனால் ரீஸ்டார்ட்களில் சிக்கல் இல்லை. இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்தாலோ, கேபினெட்டைத் திறப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கினாலோ பேட்டரி மட்டுமே துணை, அதுவோ செத்துக் கிடந்தது. துடைப்பதற்கு முன் ஏன் இந்தத் தொல்லை இல்லை என்றால், பழைய விண்டோஸ் ஐடிஇ மோடிலேயே நிறுவப்பட்டிருந்தது. அமைப்புகள் எத்தனை முறை அழிந்தாலும் இயல்பு நிலையும் அதுவேயாதலால் அதற்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, பின்தங்கிய கடிகாரத்தையும் இணையம் சத்தமின்றித் திருத்திவந்தது. நிறுவும்போது பயன்பட்ட டிரைவரைத்தான் விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றும். ஏஹெச்சிஐயில் நிறுவிய புதிய விண்டோஸுக்கு ஐடிஇ டிரைவர் அந்த நேரத்தில் கையில் இல்லை.

புதுப் பேட்டரியைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து, தேதியைத் திருத்தி, சாட்டா மோடை மீண்டும் ஏஹெச்சிஐக்கு மாற்றியதும், விழுந்து கிடந்த அதே விண்டோஸ் மறு நிறுவல் இன்றி எழுந்தது. பேட்டரி மாற்றியதுதான் தீர்வா என்று உறுதி செய்துகொள்ள, வேண்டுமென்றே ஐடிஇக்கு மாற்றினேன்: அதே 7பி. ஏஹெச்சிஐக்குத் திருப்பினேன்: எழுந்தது. இரவு முழுவதும் பிளக்கைக் கழற்றி வைத்தும் மறுநாள் ஒழுங்காகத் தொடங்கியது.

நிறுவிய பிறகு மோடை மாற்ற நேர்ந்தால், மாற்றுவதற்கு முன் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்துகொண்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டுப் பிறகு அந்தத் தேர்வை நீக்கினால் போதும். விண்டோஸ் புதிய டிரைவரைப் பழகிக்கொள்ளும். எனக்கு இங்கே அதற்குத் தேவை ஏற்படவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளுக்கு இந்தப் பழைய பிராசசர் பொருந்தாது என்பதால், வேறொரு சிறிய வட்டில் லினக்ஸ் வகையான டெபியனை நிறுவி இதே சோதனையை அதிலும் செய்தேன். தொடக்கத்தில் ஏற்றும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு கோப்புத் தொகுப்பில் இரு வகை டிரைவர்களும் இருப்பதாலும், பார்ட்டிஷனை அதன் தனி அடையாள எண்ணான யுயுஐடி கொண்டே தேடுவதாலும், ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டிலும் அது தடையின்றி எழுந்தது. கணினியில் நிரந்தரமாக அதையே வைக்கப் போகிறேன். கடைக்காரரின் பழைய பிரின்டருக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி.