கட்டி தலையில், ஒயர் நெஞ்சில்: ஆபரேஷனுக்கு முன் எனக்கு எடுத்த இதயத்துடிப்புப் பதிவு

ஆபரேஷன் தேதி முடிவாகி வார்டில் சேர்ந்திருந்த சமயம், மயக்க மருந்துத் துறையிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்தார். "ஒரு ஆய்வுக்காக உங்க இதயத்துடிப்பைப் பதிவு பண்ணணும்மா. ஊசி, மருந்து எதுவும் இல்லை. விருப்பமில்லைன்னா சொல்லிடுங்க, உங்க சிகிச்சையில எந்த மாற்றமும் இருக்காது" என்றார். என் கணவர் பயந்துவிட்டார். தலையில் கட்டி என்று வந்தால் இப்போது இதயத்திலும் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்களா என்று. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் அதே பயம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது மெனின்ஜியோமா. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வளரும் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். என்னுடையது மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே தடுப்புபோல இறங்கும் உறையில் ஒட்டியிருந்தது.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். நாடி நிமிடத்துக்கு 60 என்றால் சரியாக ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு இடைவெளி 0.96 வினாடி, அடுத்தது 1.03, அதற்கடுத்தது 0.99 என்று மாறிக்கொண்டே இருக்கும். மூளைத்தண்டிலிருந்து வரும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்க, சிம்பதெடிக் நரம்புகள் வேகப்படுத்த, இரண்டும் மாறி மாறி இழுப்பதால் வரும் ஏற்ற இறக்கம் அது. அது இருப்பதுதான் ஆரோக்கியம். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்த ஏற்ற இறக்கம் சுருங்கக்கூடும். அழுத்தம் முற்றிப்போனால் ரத்த அழுத்தம் ஏறி நாடி இறங்கும் என்று ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை சிகிச்சை டாக்டர் நூறு வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே துடிப்பில் ஏதாவது அறிகுறி கிடைக்குமா என்பதுதான் இவர்கள் தேடுவது. இதைக் கேட்ட பிறகு என் கணவரே "கையெழுத்துப் போடு" என்றார்.

பதிவு காலையில். காபி கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி, அமைதியான அறையில் படுக்கவைத்து, ஈசிஜிக்கு ஒட்டுவதுபோல நெஞ்சில் ஒட்டினார்கள். கொஞ்ச நேரம் சும்மா ஓய்வு. பிறகு ஐந்து நிமிடப் பதிவு. 1996-ல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து வகுத்த அளவு அது. பேசக் கூடாது, தூங்கவும் கூடாது. எனக்கு இருந்த படபடப்பில் அந்த ஐந்து நிமிடம் நீண்டுகொண்டே போனது.

அதன் பிறகு ஆழ்ந்த மூச்சு. ஐந்து வினாடி இழுத்து ஐந்து வினாடி விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இழுக்கும்போது நாடி ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது. திரையில் பார்த்தேன், என் மூச்சோடு அந்தக் கோடு வளைந்து வளைந்து போனது. வயது ஏற ஏற அந்த வித்தியாசம் குறையுமாம். மூச்சை அடக்கி முக்கி ஊதும் சோதனையை மட்டும் எனக்குச் செய்யவில்லை. அப்படி முக்கினால் தலைக்குள் அழுத்தம் கூடும் என்பதால் வேண்டாம் என்றார்கள்.

முக்கியமான ஒன்று: என் மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிபிக்கு நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் இந்தப் பதிவையே மாற்றிவிடும். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை, திடீரென நிறுத்தினால் ஆபத்து. சர்க்கரை நோயும் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். சோதனை நன்றாக வரட்டும் என்று யாரும் தானாக மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியாது. பிறகுதான் சொன்னார்கள்: அந்த நடு உறையைத் தொட்டு இழுத்தபோது என் நாடி சட்டென்று நாற்பதுக்குப் போயிருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் குரல் கொடுக்க, சர்ஜன் கையை எடுத்துவிட்டார். நாடி தானாகவே ஏறிவிட்டது. முகத்துக்குப் போகும் டிரைஜெமினல் நரம்பின் கிளைகள் அந்த உறையிலும் இருக்கின்றன; அங்கே சீண்டினால் வேகஸ் வழியாக இதயத்துக்குச் செய்தி போய்விடும். தலைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வார்டுக்குத் திரும்பிய பின் இரண்டாம் பதிவு. தலையில் கட்டு, வலி, வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், தூக்கமில்லை. என் துடிப்பின் ஏற்ற இறக்கத்துக்கு வந்த எண் என்ன என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். சொன்னார், ஆனால் "இதை வச்சு நீங்க நல்லா இருக்கீங்க, இல்லைன்னு முடிவு பண்ண முடியாதும்மா. நிறைய பேரோட பதிவைச் சேர்த்துப் பார்த்தாதான் அர்த்தம்" என்றார். என் தம்பி தன் வாட்சில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்பட்டான். ஆப்பிள் வாட்ச் ஒரு கணக்கில் காட்டுகிறது, ஃபிட்பிட் வேறு கணக்கில். அவற்றையே ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்னும்போது ஆஸ்பத்திரிப் பதிவோடு எப்படி ஒப்பிடுவது?

பயாப்ஸியில் கிரேடு 1, அதாவது புற்றுநோய் இல்லாத வகை என்று வந்தது. ஃபிட்ஸ் மாத்திரை இன்னும் தொடர்கிறது. அடுத்த எம்ஆர்ஐக்குப் போகும்போது மூன்றாவது பதிவுக்கும் வர முடியுமா என்று அந்த டாக்டர் கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.