எந்தக் கிடங்குக்கு எந்த ஃபோர்க்லிஃப்ட்?

பினாங்கின் பிறை வட்டாரத்துக் கிடங்குகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலரும் முதலில் பழகுவது கவுண்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்டில்தான். முன்னே நீளும் இரு இரும்புக் கரங்களில் ஏறும் சுமையைப் பின்புற எடைப்பாளம் ஈடுகட்டுவதால், லாரியிலிருந்து சரக்கை இறக்க இதைவிட ஏற்ற வண்டி இல்லை. திறந்தவெளிக்கு டீசல் பொருந்தும். மூடிய கிடங்கில், அதுவும் உணவுப்பொருள் இருக்குமிடத்தில், புகையில்லாத பேட்டரி வண்டியே தகும்.

ஆனால் கவுண்டர்பேலன்ஸ் வண்டி திரும்ப ஏறத்தாழ 3.5 மீட்டர் அகல வழி வேண்டும். அடுக்குகளை நெருக்கி உயரமாகக் கட்டிய கிடங்கில் ரீச் டிரக்தான் கைகொடுக்கும். கரங்களை நீட்டிப் பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டை) எடுத்துத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், 3 மீட்டருக்குள்ளேயே அது திரும்பிவிடும். சக்கரங்கள் சிறியவை என்பதால் தளம் மட்டமாக இருக்க வேண்டும். பேலட்டைத் தரையோடு நகர்த்த மட்டும் என்றால் கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் வண்டி போதும்.

எந்த வண்டியானாலும் அது தாங்கும் எடையைக் குறித்திருக்கும் தகட்டைப் படித்துவிட்டே ஏறுங்கள். 2.5 டன் வண்டியில் அந்த அளவு, சுமையின் நடுப்புள்ளி கரங்கள் தொடங்கும் செங்குத்து முகப்பிலிருந்து பொதுவாக 500 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே செல்லும். நீளமான பெட்டியை ஏற்றினாலோ, மிக உயரத்துக்குத் தூக்கினாலோ தாங்கும் எடை குறைந்துவிடும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் இதைத்தான் முதலில் வற்புறுத்துகிறேன்.