திருவுளச்சீட்டும் சனிக்கிழமை வகுப்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டு நான் எழுதிய அறிக்கை ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறது எங்கள் தொண்டு நிறுவனம். கணக்கு தெரிந்த புள்ளிவிவரக்காரன் என்று என்னை எடுத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டையும் ஆண்டிறுதி மதிப்பெண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இருபது சனிக்கிழமைக்கு மேல் வந்தவர்கள், அவ்வளவு வராதவர்களைவிடச் சராசரியாக 14 மதிப்பெண் கூடுதல். எங்கள் வகுப்பு 14 மதிப்பெண் கூட்டித் தருகிறது என்று எழுதி அனுப்பினேன்.

அதைத் தப்பென்று முதலில் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை. மண்டபத்தில் பாடம் எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். இங்கே எல்லோரையும் போல நானும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ் அவருடையது. பதிவேட்டை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். "இந்த மூணு பக்கமும் மழை நாள், தம்பி. மழையில யாரு வந்தா பாரு. காரு இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க. யூனிட் 3ல இருந்து ஷேர் டாக்ஸி புடிச்சு வர்ற பிள்ளை எப்படி வரும்?" அப்புறம் நடுவில் சில பெயர்களைக் காட்டினார். ஜூன் வரை வந்து, அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. "இவங்கல்லாம் மேத்ஸ் லிட்டுக்கு மாறிட்டாங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் என் அறிக்கை சரிந்துபோனது. தென்னாப்பிரிக்காவில் பத்தாம் வகுப்பில் பெரும்பாலான மாணவர்கள் கணிதம் அல்லது அதைவிட எளிதான கணித எழுத்தறிவு (மேத்ஸ் லிட்), இரண்டில் ஒன்றை எடுப்பார்கள். பொறியியல் படிக்கக் கணிதம் வேண்டும். அது தடுமாறினால் மேத்ஸ் லிட்டுக்கு மாறிவிடுவார்கள், எங்கள் வகுப்புக்கும் வருவதை நிறுத்திவிடுவார்கள். ஆக, கடைசிவரை வந்தவர்கள் என்று நான் எண்ணியது பெரும்பாலும் ஏற்கெனவே தேறக்கூடிய பிள்ளைகளைத்தான். எங்கள் வகுப்பு அவர்களை உயர்த்தியதா, உயரக்கூடியவர்கள் எங்களிடம் தங்கினார்களா என்று என் எண்ணால் சொல்ல முடியாது.

அந்த வாரம்தான் ஜோஷுவா ஆங்ரிஸ்டை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். 2021இல் டேவிட் கார்ட், கைடோ இம்பென்ஸ் ஆகியோருடன் பொருளாதார நோபல் பெற்றவர். அவர் வாழ்நாளெல்லாம் துரத்தியது எங்கள் மண்டபத்தில் எழுந்த இதே கேள்வியைத்தான். விக்டர் லேவியுடன் 1999இல் அவர் எழுதிய கட்டுரை இஸ்ரேல் பள்ளிகளைப் பற்றியது. 40 பிள்ளைக்கு மேல் போனால் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் சொன்ன விதியை அங்கே பள்ளிகள் பின்பற்றின. ஒரு பள்ளியில் 40 பேர் சேர்ந்தால் ஒரே வகுப்பு. இன்னொரு பள்ளியில் 41 ஆனால் இரண்டாகப் பிரித்து 20, 21. வீட்டு வசதியிலும் பெற்றோர் படிப்பிலும் அந்த இரண்டு பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, வகுப்பின் அளவு மட்டும் பாதியாகிவிடும். அப்படி ஒப்பிட்டதில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் சிறிய வகுப்பில் கூடியது, மூன்றாம் வகுப்பில் கூடவில்லை.

அதே ஆண்டு, அதே ஆய்விதழில், தென்னாப்பிரிக்காவைப் பற்றியே ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் எழுதியிருக்கிறார்கள். 1993 கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, ஒரு ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்ற விகிதம் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பை எப்படி அடித்தது என்று காட்டினார்கள். விகிதம் கூடிய இடத்தில் பள்ளிச் சேர்க்கையும் குறைவு, கணக்குத் தேர்வு மதிப்பெண்ணும் குறைவு. சாதாரணமாக, நல்ல பள்ளி தேடிப் பெற்றோர் வீடு மாறுவார்கள், அதனால் ஒப்பீடு கலங்கிப்போகும். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது, பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பதிலும் அவர்களுக்குக் குரல் இல்லை. அதனால்தான் அந்த ஒப்பீடு நிற்கிறது.

இதை ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய அப்பா டர்பன் மாநகராட்சித் தொழிலாளி. மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து 1960களில் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர். இந்தியர் பள்ளிகளின் கதை வேறுதான், ஆனாலும் இடம் மாற்றியவர்கள் அவர்களிடமும் கேட்கவில்லை. "எங்க அப்பாவை யாரும் கேக்கல தம்பி" என்றார். ஆய்வுக் கட்டுரையில் 'தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமை' என்று ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம் இதுதான். அதன் பிறகு அந்த வரியை என்னால் வேகமாகப் படிக்க முடிந்ததே இல்லை.

அடுத்த ஜனவரியில் 45 இடத்துக்கு 88 பேர் பெயர் கொடுத்தார்கள். முந்தி வந்தவருக்கே இடம் என்பது பழைய வழக்கம். அதுவும் கார் வைத்திருப்பவருக்கே சாதகம். அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆங்ரிஸ்டும் கூட்டாளிகளும் ஒப்பிட்டது நினைவுக்கு வந்தது. திருவுளச்சீட்டு போடுவோம் என்றேன். கோயில் மண்டபத்தில் அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. பித்தளைச் செம்பில் சுருட்டிய சீட்டுகள், எடுக்க அர்ச்சகரின் ஆறு வயதுப் பேத்தி. உத்திரமேரூர்க் குடவோலையிலும் ஒரு சிறுவன்தான் ஓலை எடுத்தான். பெயர் வராத ஒரு பையனின் அம்மா செம்புக்குள் எட்டிப் பார்த்தார், இன்னும் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. அந்தப் பார்வை என்னை இன்னும் விடவில்லை.

ஆண்டு முடிவில், வந்தவர் வராதவர் என்று பார்க்காமல், சீட்டு விழுந்தவர் விழாதவர் என்று மட்டும் பிரித்தேன். மேத்ஸ் லிட்டுக்கு மாறியவர்களையும் தேடிப் பிடித்தோம், எத்தனை பேர் கணிதத்திலேயே நின்றார்கள் என்பதையும் ஒரு கணக்காக வைத்தோம். சீட்டு விழுந்தும் வராதவர்கள் உண்டு. விழாமல் வெளியே காசு கொடுத்து டியூஷன் போனவர்களும் உண்டு. இம்பென்ஸும் ஆங்ரிஸ்டும் 1994இல் தெளிவாக்கியது இந்த இடத்தைத்தான்: சீட்டு விழுந்ததால் மட்டுமே வகுப்புக்கு வந்தார்களே, அவர்களைப் பற்றித்தான் இந்த எண் பேசும், எல்லோரையும் பற்றி அல்ல. கணிதத்தில் நின்றவர்கள் எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதல். மதிப்பெண் வித்தியாசம் 14லிருந்து 5ஆக இறங்கியது. 88 பேரை வைத்து அந்த 5ஐயும் அடித்துச் சொல்ல முடியாது. நன்கொடையாளருக்கு இதை அனுப்ப வேண்டாம் என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். இரண்டு வாரம் பேசிப் பேசித்தான் அனுப்ப முடிந்தது.

அப்போது எனக்குத் தைரியம் தந்தது ஆங்ரிஸ்டின் இன்னொரு கட்டுரை. இருபது ஆண்டு கழித்து, 2019இல், அவரும் லேவியும் வேறு இருவரும் அதே 40 விதியை 2002 முதல் 2011 வரையான தரவில் திரும்பச் சோதித்தார்கள். இந்த முறை சிறிய வகுப்பால் பலன் எதுவும் தெரியவில்லை. போதாததற்கு, 40ஐ ஒட்டிய இடங்களில் சேர்க்கை எண்ணிக்கையில் பள்ளிகள் கைவைத்திருந்த தடயமும் கிடைத்தது. பிறந்த தேதியை வைத்து எத்தனை பேர் சேர்ந்திருக்க வேண்டும் என்று கணித்து மீண்டும் பார்த்தார்கள். அப்போதும் பூஜ்யம். பெயர் வாங்கித் தந்த முடிவையே எடுத்து உலகத்தின் முன் வைத்து, புதிய தரவில் இது நிற்கவில்லை என்று எழுதினார்கள். நான் அவரை மதிப்பது நோபலுக்காக அல்ல, இதற்காக.

எங்கள் அறிக்கையிலும் எட்டாம் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு. பெயர் வராத 43 பேர் வீட்டுக்கும் ஆன்ட்டி தானே போன் செய்து, பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். ஒப்பீடு இதனால் கலங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். வரும் ஜனவரியில் சீட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் வினாத்தாள் கட்டு எல்லோருக்கும் உண்டு என்று வைத்திருக்கிறோம். ஆன்ட்டி இப்போதே நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.