மூணு தடவை டைப் பண்ணி அழிச்சது

"மூணு தடவை டைப் பண்ணேன் சார். அழிச்சுட்டேன்."

இதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு யோசிச்சா இப்பவும் கூச்சமா இருக்கு. "அட, சொல்லியிருக்கலாமேங்க"ன்னேன். அவ்வளவுதான். சொல்லிட்டு அடுத்த பாயிண்ட்டுக்குப் போயிட்டேன், கான்ஃபரன்ஸ் கால்ல இன்னும் ஆறு பேர் இருந்தாங்க, சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போகணும். எட்டு மாசம் ஆச்சு. அந்த ரிப்போர்ட்ல என்ன எழுதினோம்னு சுத்தமா ஞாபகம் இல்லை, இந்த வரி மட்டும் போக மாட்டேங்குது.

கொஞ்சம் முன்னாடிலேர்ந்து சொல்றேன், இல்லன்னா நான் ஏதோ நல்லவன் மாதிரி தெரிஞ்சுடும்.

சர்வர் பிரச்சனைகளைப் பாக்குற எங்க சப்போர்ட் டீமோட சாட் க்ரூப்ல அப்ப 160 பேர். அதுல அடிக்கடி எழுதுறவங்கன்னு பார்த்தா ஒரு பன்னெண்டு பேர், அந்தப் பன்னெண்டு பேர் எழுதினதுலயும் பாதி நான் எழுதினது. மேனேஜர் ஒரு நாள் "க்ரூப் செத்துக் கெடக்கே, கொஞ்சம் உசுப்பி விடுங்க"ன்னார். நான் என்ன பண்ணேன், ஒரு வருஷமா ஒரு மெசேஜ் கூட போடாதவங்க லிஸ்ட்டை எடுத்து மொத்தமா தூக்கிட்டேன். 90 சொச்சம் பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொல்லாம கொள்ளாம. பண்ணி முடிச்சதும் பரணைச் சுத்தம் பண்ணின மாதிரி ஒரு திருப்தி வேற.

திங்கக்கிழமை, தூக்கினவங்கள்ல ஒருத்தர், அந்த மூணு தடவை டைப் பண்ணினவங்க, தனியா மெசேஜ் பண்ணாங்க. டீம்ல எல்லாரும் என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க, இவங்க மட்டும் சார். "சார், என்னைக் க்ரூப்ல மறுபடி சேர்க்க முடியுமா? நான் டெய்லி படிப்பேன்." சேர்த்தேன். சேர்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், இருக்கலை. "படிச்சா மட்டும் எப்படிங்க, நாலு வார்த்தை எழுதினாத்தானே மத்தவங்களுக்கும் யூஸ் ஆகும்." "சரி சார்."

90 பேர்ல திரும்பக் கேட்டது அவங்க ஒருத்தர்தான். இதை நான் அன்னைக்கு எனக்குச் சாதகமா எடுத்துக்கிட்டேன், பாருங்க, மீதிப் பேருக்கு க்ரூப் போனதே தெரியலைன்னு மேனேஜர்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். எழுதவே தயங்குறவங்களைத் தூக்கிட்டு, வேணும்னா எழுதிக் கேளுங்கன்னு உக்காந்திருந்தா எவன் கேப்பான்? இது அன்னைக்குத் தோணலை.

அப்புறம் ரெண்டு வாரத்துல அந்த டிஸ்க் கதை.

ராத்திரி ஷிப்ட்ல ஒரு தம்பி. டிஸ்க் 100 சதவீதம்னு அலர்ட் வந்திருக்கு. க்ரூப்ல தேடியிருக்கான், என்னோட பழைய மெசேஜ் கிடைச்சிருக்கு: லாக் ஃபைல் பெருத்துப் போச்சுன்னா டெலீட் பண்ணிடுங்க, இடம் வந்துடும். (லாக் ஃபைல்னா ப்ரோக்ராம் என்னென்ன செஞ்சுச்சுன்னு எழுதிக்கிட்டே போற ஃபைல்.) பண்ணியிருக்கான். இடம் வரலை. லினக்ஸ்ல உழல்றவங்களுக்கு இது பழகின விஷயம், ஒரு ப்ரோக்ராம் ஒரு ஃபைலைத் திறந்து வச்சு எழுதிக்கிட்டு இருக்கும்போது அதை நாம டெலீட் பண்ணா ஃபோல்டர்லேர்ந்து பேர்தான் போகும், அந்த ப்ரோக்ராம் ஃபைலை மூடுற வரைக்கும் இடம் அப்படியேதான் இருக்கும். நான் எப்பவும் டெலீட் பண்ணிட்டு சர்வீஸை, அதாவது அந்த ப்ரோக்ராமை, ரீஸ்டார்ட் பண்ணிடுவேன், கை தானா போகும், அதனாலயே அதை எழுதணும்னு தோணலை. தம்பிக்கு எப்படித் தெரியும்? ஃபோல்டரைப் பார்த்தா ஃபைல் இல்லை, டிஸ்க்கைப் பார்த்தா ஃபுல். பயந்துட்டான். பெருசா எது எது இருக்குன்னு தேடித் தேடி டெலீட் பண்ணி, கடைசில தொடவே கூடாத ஒரு ஃபோல்டர்ல கை வச்சுட்டான். பேக்கப்லேர்ந்து எடுத்துப் போட்டு நிமிர்றதுக்கு அரை நாள் ஆச்சு.

என்ன நடந்துச்சுன்னு பேசுற கால்லதான் தெரிஞ்சுது, அதே அலர்ட் இவங்க ஷிப்ட்லயும் பல தடவை வந்திருக்கு, ஒரு தடவை கூட பிரச்சனை ஆகலை. எப்படிங்கன்னு கேட்டேன்.

"நான் டெலீட் பண்ண மாட்டேன் சார். ஃபைலை அப்படியே வச்சுக்கிட்டு உள்ள இருக்குறதை மட்டும் காலி பண்ணுவேன்."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"உங்க மெசேஜைப் பார்த்து ஒரு தடவை பண்ணேன் சார், இடம் வரலை. அப்புறம் நானே தேடிப் பார்த்து நோட்ல எழுதி வச்சுக்கிட்டேன்."

"எப்போ?"

"நீங்க போட்ட மாசமே."

ஏழு மாசம். ஏழு மாசமா என் மெசேஜ் தப்புன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் க்ரூப்ல சொல்லலைன்னு கேட்டேன், குரல் கொஞ்சம் ஏறியிருக்கும்னு நினைக்கிறேன். "நீங்க போட்டது சார். கீழ 14 பேர் தம்ஸ் அப் போட்டிருந்தாங்க. எனக்கு மட்டும்தான் இப்படி நடக்குதோன்னு நினைச்சுட்டேன்." அதுக்கப்புறம்தான் அந்த 'மூணு தடவை டைப் பண்ணேன்'னு சொன்னாங்க.

எனக்கு அவங்க மேல கோபம் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா பொய். தெரிஞ்ச விஷயத்தை நோட்ல பூட்டி வச்சுக்கிட்டாங்க, அந்தத் தம்பி விடிய விடிய அழாத குறையா உக்காந்திருந்தான். ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். தெரிஞ்சும் சொல்லாததை அடக்கம்னு நான் எடுத்துக்க மாட்டேன். அதே சமயம் தப்பா எழுதினது யாரு? நான். எழுதாதவங்க மேல எழுதினவனுக்குக் கோபம் வர்றது கொஞ்சம் வேடிக்கைதான்.

நான் யாரையும் க்ரூப்ல திட்டினதே இல்லைன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. சரின்னு ஒரு ராத்திரி உக்காந்து என் பழைய மெசேஜ் எல்லாம் மேல போய்ப் போய்ப் படிச்சேன். திட்டு இல்லைதான். ஆனா "இது ஏற்கனவே பேசியாச்சு, மேல தேடிப் பாருங்க"ன்னு ஒரே மாதிரி 9 இடத்துல இருந்துச்சு. அதுல 6 பேர் அதுக்கப்புறம் எதுவும் கேக்கவே இல்லை. அது திட்டுன்னு நான் இப்பவும் நினைக்கலை, ஒரே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்றது? இன்னும் சொல்லப்போனா, தேடிப் பாருங்கன்னு நான் சொன்னதை ஒழுங்கா கேட்டது இவங்க ஒருத்தர்தான். தேடினாங்க, படிச்சாங்க, கேக்கலை. அதுக்குத்தான் நான் தூக்கினேன்.

எழுதாம படிக்கிறவங்களைப் பத்தி அதுக்கப்புறம் கொஞ்சம் தேடிப் படிச்சேன், என் பக்கம் நியாயம் கிடைக்குமான்னு பாக்கத்தான். கிடைக்கலை. ஜேக்கப் நீல்சன்னு ஒருத்தர் 2006லயே எழுதியிருக்கார், நூறு பேர்ல 90 பேர் படிக்க மட்டும் செய்வாங்க, 9 பேர் எப்பவாவது எழுதுவாங்க, ஒருத்தர்தான் ஓயாம எழுதுவார்னு ஒரு தோராயக் கணக்கு. அதோட ஒப்பிட்டா செத்துக் கெடந்ததா நாங்க சொன்ன க்ரூப் நல்ல ஆரோக்கியமாவே இருந்திருக்கு. 2000ல பிளேர் நானெக், ஜென்னி ப்ரீஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஈமெயில் குழுக்களை எண்ணிப் பார்த்திருக்காங்க, நோய் பத்திப் பேசுற குழுக்கள்ல சத்தம் போடாம படிக்கிறவங்க 46 சதவீதம் கிட்ட, சாஃப்ட்வேர் சப்போர்ட் குழுக்கள்ல 82. எனக்கு இது புரியுற மாதிரி இருந்துச்சு. வலின்னா இன்னொருத்தர்கிட்ட சொன்னாலே பாதி குறையும். டிஸ்க் ஃபுல்லுன்னா பதில் கிடைச்சா போதும், கிடைச்சதும் எழுந்து போயிடலாம்.

ப்ரீஸும் கூட இருந்தவங்களும் அப்புறம் 2004ல ஏன் எழுதலைன்னே நேரடியா கேட்டு ஒரு கட்டுரை போட்டாங்க. அதிகமா வந்த பதில் 'படிச்சாலே போதுமா இருக்கு', பாதிக்கு மேல அதைச் சொல்லியிருக்காங்க. எனக்கு இந்த இடத்துல ஒரு சந்தேகம். இவங்ககிட்ட யாராவது அந்த ஃபாரத்தைக் கொடுத்திருந்தா இவங்களும் அதைத்தான் டிக் பண்ணியிருப்பாங்க. மூணு தடவை டைப் பண்ணி அழிச்சேன்னு டிக் பண்றதுக்கு எந்த ஃபாரத்துல கட்டம் இருக்கு?

அந்த 14 தம்ஸ் அப்புக்கு வர்றேன். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951ல பண்ணின கோடு பரிசோதனை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், எந்தக் கோடு முதல்ல காட்டின கோட்டோட அதே நீளம்னு கண்ணால பாத்தாலே தெரியும், ஆனா கூட இருக்குறவங்க எல்லாரும் முன்னாடியே சொல்லி வச்சபடி தப்பாச் சொன்னா, நடுவுல மாட்டினவர் மூணு தடவைக்கு ஒரு தடவை தானும் தப்பாச் சொல்லிடுவார். கூட ஒரே ஒருத்தர் சரியாச் சொன்னா போதும், அப்படிப் பணிஞ்சு போறது ரொம்பக் குறைஞ்சிடும். அந்தப் பரிசோதனையில கூட எதிர்ல இருந்தவங்க நிஜமாவே கோட்டைப் பார்த்துட்டுதான் தப்பாச் சொன்னாங்க. இங்க அதுவும் இல்லை. அந்த 14 பேர்ல 5 பேரைப் பிடிச்சு விசாரிச்சேன், சும்மா பேச்சுவாக்குல. ஒருத்தர் கூட அந்த ஸ்டெப்பைச் செஞ்சு பார்த்தது இல்லை. ஒருத்தர் சொன்னார், "நீங்க போட்டா நான் பாக்குறதே இல்லண்ணா, தம்ஸ் அப் போட்டுட்டுப் போயிடுவேன்." பாசமாத்தான் சொன்னார்.

இதைத்தான் என்னால விழுங்க முடியலை. நான் தூக்கின லிஸ்ட்ல அந்த 5 பேர் இல்லை. ஆக்டிவ்னு வச்சிருந்தேன். என் மெசேஜை முழுசா படிச்சு, செஞ்சு பார்த்து, தப்புன்னு கண்டுபிடிச்சு, சரியானதைத் தேதி போட்டு நோட்ல எழுதி வச்ச ஒரே ஆளை வெளிய தள்ளியிருக்கேன்.

ஆனா உண்மையிலேயே எனக்கு உறுத்துறது இதுக்கும் அப்புறம் நடந்தது.

கால் முடிஞ்ச அன்னைக்கே க்ரூப்ல போட்டேன். "ஒரு சின்ன திருத்தம்: லாக் ஃபைலை டெலீட் பண்ண வேண்டாம், காலி மட்டும் பண்ணுங்க. டெலீட் பண்ணிட்டீங்கன்னா சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் இடம் வராது." அவங்க பேர் போடலை. ஏன் போடலைன்னா, அவங்க கூச்சப்படுவாங்கன்னு நினைச்சேன். எழுதவே பிடிக்காதவங்களை க்ரூப்ல எல்லார் முன்னாடியும் நிறுத்துறதான்னு. இது நிஜமான காரணம், அன்னைக்கு மனசுல இப்படித்தான் ஓடுச்சு. கேட்டுட்டுப் போட்டிருக்கலாமேன்னு கேட்டா, கேக்கலை. ஒரு நிமிஷ வேலை. கேட்டு, சரி போடுங்க சார்னு அவங்க சொல்லியிருந்தா, ஏழு மாசமா நான் தப்பா எழுதி வச்சிருந்தேன்னும் சேர்த்து எழுதணும். 'சின்ன திருத்தம்'னு முடிச்சிருக்க முடியாது.

கீழ ஒருத்தர் "சூப்பர் அண்ணா, இதான் எக்ஸ்பீரியன்ஸ்"னு போட்டார். நான் அதுக்கு ஒரு ஹார்ட் போட்டேன். பழக்கம்.

யார் யார் படிச்சாங்கன்னு பார்த்தா அவங்க பேர் மூணாவதா இருந்துச்சு. போட்டு ரெண்டு நிமிஷம் கூட ஆகலை.

தூக்கின எல்லாரையும் அப்புறம் சத்தமில்லாம திரும்பச் சேர்த்துட்டேன். சேர்த்ததுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலை. தம்ஸ் அப்பை எடுத்துட்டு 'செஞ்சு பார்த்தேன்'னு மட்டும் ஒரு குறி வைக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு, மேனேஜர்கிட்ட சொன்னேன், "அப்ப இருக்குற பன்னெண்டு பேரும் போயிடுவாங்க"ன்னார். அவர் சொல்றதும் சரியா இருக்கலாம். இப்ப ஏதாவது போட்டா ரெண்டு நாள் கழிச்சு அமைதியா இருக்குற ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தனியா மெசேஜ் பண்ணி, செஞ்சு பார்த்தீங்களான்னு கேக்குறேன். சில பேர் சொல்றாங்க. சில பேர் பயந்து போய் இல்லண்ணா, ஸாரின்னு எழுதுறாங்க, நான் ஏதோ பரீட்சை வைக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு. படிக்கிறவங்களைப் படிக்க விடாம நான் திரும்பவும் நோண்டுறேனோ என்னவோ.

இவங்ககிட்ட மட்டும் கேக்குறது இல்லை. என்னன்னு கேக்குறது?

அந்தத் திருத்தத்துல எடிட் பட்டன் இன்னும் இருக்கு. அப்பப்பப் போய்ப் பார்ப்பேன். இப்ப உள்ள போய் 'சொன்னவர்'னு அவங்க பேரைச் சேர்த்தா, மாத்தப்பட்டதுன்னு கீழ பொடி எழுத்துல காட்டும். எட்டு மாசப் பழைய மெசேஜ், எவனும் பார்க்க மாட்டான். அவங்க பார்ப்பாங்க. பார்த்துட்டு ஒண்ணும் எழுத மாட்டாங்க, சந்தோஷமா சங்கடமான்னு எனக்குத் தெரியப் போறதில்லை, நேத்து கூட திறந்து வச்சுக்கிட்டு இதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன், அதுக்குள்ள அலர்ட் ஒண்ணு வந்துடுச்சு, போயிட்டேன்.