சுமைக்குக் கூலி உண்டு, துணைக்கு?

மலை மேல் இருக்கும் ஈராசிரியர் பள்ளிக்கு மாறுதல் என்றதும் முதலில் வரும் கேள்வி, "பஸ் போகுமா சார்?" போதமலை மாதிரி ஊர்களில் நெடுங்காலம் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. நாமக்கல் மாவட்டம், ராசிபுரத்துக்குப் பக்கம். கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். சாலை இல்லாமலே பல தலைமுறைகள் ஓடிவிட்டன. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு இயந்திரமும் தலைச்சுமையாகத்தான் ஏறியது. கொடைக்கானல் சரிவிலுள்ள வெள்ளகவியும் நடந்தே போக வேண்டியதாக இருந்த ஊர்தான். அங்கே ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். யாராவது சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

இம்மாதிரி ஊர்களில் வாத்தியாரை ஊரே தாங்கும். தங்க இடம், சாப்பாடு, வழித்துணை எல்லாம் கேட்காமலே வரும். ஆனால் அந்த அன்புக்கு எடை உண்டு. ரேஷன் அரிசியும் அடிவாரத்திலிருந்து யாரோ ஒருவர் தலையில் ஏறி வந்ததுதான். ஒரு ஆளுக்கு ஐந்து நாளைக்கு இரண்டு கிலோ அரிசி சர்வசாதாரணமாக ஆகும். திங்கட்கிழமை ஏறும்போது அந்த இரண்டு கிலோவையும் கால் கிலோ பருப்பையும் உங்கள் பையிலேயே கொண்டு போங்கள். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கடிந்துகொள்வார்கள். பரவாயில்லை, அடுப்படியில் வைத்துவிடுங்கள். முதல் நாளே "களி சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் வீட்டார் களியோடு நிறுத்திக்கொண்டு உங்களுக்கு மட்டும் சோறு வடிப்பார்கள்.

ஒரே வீட்டில் தொடர்ந்து சாப்பிடுவதும் வம்பு. சின்ன ஊரில் வாத்தியார் "அந்த வீட்டு ஆள்" ஆகிவிட்டால், எதிர்த்தரப்புப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது மெதுவாகக் குறையும். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

காசு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சுமை தூக்கியவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும், அன்றைய காட்டுவேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். வழித்துணைக்கு வந்தவரிடம் காசை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். அடுத்த முறை வரும்போது அவர் வீட்டுக்குத் தேங்காயெண்ணெய், தேயிலைத்தூள், கருவாடு, டார்ச்சுக்குப் பேட்டரி என்று ஏதாவது வாங்கி வாருங்கள். ஏறுவதற்கு முந்தைய நாளே ஆள் அனுப்பி "என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டால் அதைவிட மரியாதை இல்லை.

சத்துணவுக் கணக்கையும் பாருங்கள். இருபது பிள்ளைகள், ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் நாளைக்கு 2 கிலோ. 22 பள்ளி நாளுக்கு 44 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அரிசி நனையாமல் வந்தால் போதும். முட்டைதான் தலைவலி. வாரத்துக்கு ஐந்து நாள், ஆக நூறு முட்டை. அட்டையோடு கோணியில் கட்டினால் ஏற்றத்தில் சாய்ந்து நடு அடுக்கு நொறுங்கும். தகர டின்னில் உமி ஒரு அடுக்கு, முட்டை ஒரு அடுக்கு, கூர்முனை கீழே பார்க்க அடுக்கி, மூடி வரை இடைவெளியில்லாமல் உமியால் நிரப்ப வேண்டும். உள்ளே ஆடினால் உடைந்தது என்று அர்த்தம். சும்மாட்டின் மேல் டின் நேராக நிற்கும்.

திருப்பிச் செய்ய வாத்தியாரால் முடிந்தது படிப்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்புவது, ஆதாரில் பெயர் எழுத்து பொருந்துகிறதா என்று பார்ப்பது, பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் வைத்திருப்பது எல்லாம் பெரிய உதவி. அதற்கு மேல் வைத்தியம் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

யாருக்காவது முடியாமல் போனால் தூளி கட்டி நான்கைந்து பேர் தோள் மாற்றித் தூக்குவார்கள். தூளி கிளம்பும்போதே 108-ஐ அடிவாரத்துக்கு வரச் சொல்லிவிட வேண்டும். கீழே போய்க் கூப்பிட்டால் வண்டி வரும்வரை நோயாளியோடு ரோட்டோரம் காத்துக் கிடக்க நேரும். எந்தப் பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று முதல் வாரமே பிள்ளைகளிடம் கேட்டு வையுங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.